பல்கலைக்கழக வாழ்வும் உடல் எடையும்: நாம் பார்க்க மறந்த அளவு

“நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்.” தமிழ்ப்பள்ளியில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்காக நான் மனனம் செய்த பழமொழிகளில் இதுவும் ஒன்று. பொருள் எழுதி, சூழல் எழுதி, முழுப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதன் பொருள் உண்மையிலேயே எனக்கு விளங்கியது பல்கலைக்கழகத்தில்தான். விடுதியில் நடந்த இலவச மருத்துவப் பரிசோதனையில், வெறும் வயிற்றில் எடுத்த என் இரத்தத்தில் சீனியின் அளவு 6.3 மில்லிமோல் என்று வந்தது. “வீட்டில் யாருக்காவது இனிப்புநீர் உண்டா?” என்று தாதி மலாயில் கேட்டார். அப்போது எனக்கு வயது 21.

நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியின்படி வெறும் வயிற்றில் 6.1க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 7.0 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. இடைப்பட்ட அளவு, நோய் வாசல்படியில் நிற்கிறது என்று பொருள். நான் அந்த வாசல்படியில் நின்றேன். என்னோடு படிக்கும் தமிழ் மாணவர்கள் பலரும் தங்களுக்குத் தெரியாமலேயே அங்கு நிற்கக்கூடும் என்பதால்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

காஹாங்கிலிருந்து விடுதிக்கு

என் ஊர் காஹாங். ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் இருக்கும் சின்னப் பட்டணம். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரில் வண்டியை நிறுத்திப் பசியாறிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். வீட்டுக்குப் பின்னால் முருங்கை, பசளி, கறிவேப்பிலை. காலையில் தோசை அல்லது ரொட்டி, மதியம் சோறு, இரவில் மிஞ்சிய கறி. பள்ளிக்கு நடை, மாலையில் பந்து, இரவு பத்து மணிக்குத் தூக்கம். இதுதான் இடைநிலைப்பள்ளி முடியும்வரை என் வாழ்க்கை.

பல்கலைக்கழகத்திற்கு வந்ததும் எல்லாம் மாறியது. காலை எட்டு மணி வகுப்புக்கு ஏழே முக்காலுக்கு எழுந்தால் பசியாற நேரம் ஏது? பத்து மணிக்கு ஒரு தே தாரேக், மதியம் சோறும் கோழியும், மாலைக் கூட்டத்தில் பொரித்த வாழைப்பழம், இரவு பதினொன்றுக்கு மாமாக் கடையில் மீ கோரெங், அதோடு மீண்டும் ஒரு தே தாரேக். இடுபணியை மறுநாள் அனுப்ப வேண்டுமென்றால் இரண்டு மணிக்கு ஒரு மெகி மீ. வகுப்புக்குப் பேருந்து, நான்காம் மாடிக்கு மின்தூக்கி.

இரண்டாண்டுகளில் 52 கிலோவிலிருந்து 61 கிலோ ஆனேன். தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அத்தை, “என்னா பிள்ள, யூனிவர்சிட்டி சோறு நல்லா ஒத்துக்கிச்சு போலிருக்கே!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றிரவே கைத்தொலைபேசியில் உடல் நிறை குறியீட்டைக் கணக்கிட்டேன். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். என் உயரம் 1.57 மீட்டர். விடை 24.7. அட்டவணையில் 25 வரை இயல்பு என்று போட்டிருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதிதான் பிழை என்பது பின்னால் தெரிந்தது.

இது நம்மவர் கதை மட்டும்தானா?

அமெரிக்காவில் “முதலாண்டு 15” என்றொரு பேச்சு உண்டு. பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவர் முதல் ஆண்டில் 15 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 7 கிலோ கூடுவார் என்பார்கள். 1989இல் இளம்பெண்களுக்கான ஓர் இதழ் இதைப் பரவலாக்கியது. உண்மை அவ்வளவு இல்லை. பல ஆய்வுகளைத் திரட்டி 2015இல் வெளியான ஒரு தொகுப்பின்படி சராசரிக் கூடுதல் 1.36 கிலோதான். ஆனால் 10 பேரில் 6 பேருக்கு எடை கூடியது. கூடியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் சராசரி 3.4 கிலோ. ஓராண்டு முடிவதற்குள்ளாகவே இவ்வளவு!

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு இன்னும் சோதனை. என் அடுத்த அறையில் முதுகலை படிக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலியிலிருந்து வந்தவர். வந்த முதல் வாரம் விடுதிச் சிற்றுண்டிச் சாலையில் சாப்பிட்டுவிட்டு, “என்ன தங்கச்சி, சம்பால்லகூட சீனி கெடக்கு! இங்க காரத்துக்கும் சீனிதான் போடுவாவளா?” என்று கேட்டார். செவ்வாய், வெள்ளி சைவம். அறையில் சமைக்க விடுதியில் அனுமதி இல்லை. வெளிநாட்டு மாணவர் கட்டணம் அதிகம் என்பதால் சாப்பாட்டில்தான் மிச்சம் பிடிப்பார். முதல் தவணையில் மெலிந்து போனார். பிறகு பிஸ்கட், ரொட்டி சானாய், கட்டிப்பால் தேநீர் என்று பழகிக்கொண்டார். ஊரில் பேருந்துக்கு நடந்ததும் அம்மாவோடு நின்று சமைத்ததும் இங்கு இல்லை. மாலை ஆறு மணிக்கு வீட்டு நினைவு வந்தால், அதற்கும் மருந்து ஒரு தே தாரேக்.

ஊர் மாறினால் உடல் மாறும் என்பதை உலகம் முன்பே கண்டிருக்கிறது. 1960களில் ஜப்பானில் வாழ்ந்த ஜப்பானிய ஆண்களையும், ஹவாயிலும் கலிபோர்னியாவிலும் குடியேறியிருந்த ஜப்பானிய ஆண்களையும் ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கலிபோர்னியாவில் இருந்தவர்களே அதிக எடையோடும் அதிக இதய நோயோடும் இருந்தார்கள். அனைவரும் ஒரே இனத்தவர். மாறியது ஊரும் உணவும் வாழ்க்கை முறையும்தான்.

தே தாரேக் கணக்கு

பரிசோதனை முடிந்த வாரம் நான் வழக்கமாகப் போகும் கடையில், தேநீர் கலக்கும் அண்ணனிடம் ஒரு குவளைக்கு எவ்வளவு கட்டிப்பால் ஊற்றுகிறார் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கரண்டியைக் காட்டினார். அதே அளவை ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய 40 கிராம். இனிப்புக் கட்டிப்பாலில் பாதிக்குப் பாதி சீனி. ஆக ஒரு குவளையில் சுமார் 20 கிராம். ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்று கொண்டால் ஐந்து கரண்டி!

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியில், சேர்க்கப்படும் சீனி நம் ஒரு நாள் சக்தியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம். அதில் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. நான் நாளுக்கு மூன்று குவளை குடித்தேன். 60 கிராம். வேறு எதையும் சாப்பிடாமலேயே எல்லையைத் தாண்டிவிட்டேன்.

மலேசிய அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி விதித்தது. 2024இல் அது 50 காசானது; 2025 ஜனவரி முதல் 90 காசு. ஆனால் இந்த வரி தொழிற்சாலையில் அடைத்து வரும் பானங்களுக்குத்தான். கடையில் நம் கண் முன்னே இழுத்து ஆற்றித் தரும் தேநீருக்கு வரியும் இல்லை, சீனியின் அளவைச் சொல்லும் அச்சும் இல்லை. அந்தக் கணக்கை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தூக்கமும் பசியும்

“ராத்திரி கண் விழித்தால் எனக்குப் பசிக்கும்” என்று சொல்லாத மாணவர் இல்லை. இது வெறும் ஆசை அல்ல. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரமும், வேறு இரண்டு இரவுகள் 10 மணி நேரமும் படுக்க வைத்துப் பார்த்தார்கள். 2004இல் முடிவு வெளிவந்தது. குறைவாகத் தூங்கியபோது “வயிறு நிறைந்தது” என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. அதிலும் இனிப்பு, உப்புப் பண்டம், மாவுப் பண்டம் ஆகியவற்றின்மீதுதான் ஆசை அதிகமாகத் திரும்பியது. இது சின்ன ஆய்வுதான். ஆனாலும் நள்ளிரவில் மெகி மீ பொட்டலத்தைப் பிரிக்கும் கை முழுக்க முழுக்க நம்முடையதன்று என்பது இதிலிருந்து தெரிகிறது.

நம் உடல் மறைத்து வைப்பது

இப்போது அந்த 24.7க்கு வருவோம். அட்டவணை “இயல்பு” என்றது. இரத்தம் “இல்லை” என்றது. எது சரி?

2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரே ஒரு பக்கச் செய்தி வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யூட்கின் ஆகிய இரு நண்பர்களின் படம் அதில் இருந்தது. இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3. இருவரும் பார்ப்பதற்கு ஒல்லி. ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடு! எடை இயந்திரத்துக்கு இருவரும் ஒன்றுதான். உள்ளே இருப்பது வேறு.

தெற்காசிய மரபில் வந்த நமக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பும் வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிச் சேரும் இயல்புடையது. அங்கு சேரும் கொழுப்பு இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கிறது. அதனால்தான் வெள்ளையர்களைவிடக் குறைந்த எடையிலேயே, இளம் வயதிலேயே நமக்கு இனிப்புநீர் வந்துவிடுகிறது. இதைக் கருத்தில் கொண்டு ஆசியர்களுக்கு 23லிருந்தே கவனம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. மலேசிய மருத்துவ வழிகாட்டியிலும் 23 முதல் கூடுதல் எடை, 27.5 முதல் உடற்பருமன். அப்படிப் பார்த்தால் நான் “இயல்பு” அல்ல. எல்லையை எப்போதோ தாண்டியவள்.

இதைவிட எளிய அளவு ஒன்று இருக்கிறது. இடுப்புச் சுற்றளவு. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் வந்துவிட்டால் எச்சரிக்கை. எனக்கு 84 இருந்தது. திருநெல்வேலி அக்கா அதே வரிசையில் எனக்குப் பின்னால் நின்றார். எடை 53 கிலோ, குறியீடு 21க்கும் கீழ். “நான்தான் ஒல்லியாச்சே” என்று சொல்லிக்கொண்டே நாடாவைச் சுற்ற விட்டார். 82. அவர் முகம் மாறிவிட்டது. ஊரில் அவர் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்று அன்றுதான் என்னிடம் சொன்னார்.

அப்பா விடுதியில் தங்கவில்லையே!

அன்றிரவு எனக்கு ஒரு முடிவு தோன்றியது. “எல்லாக் குற்றமும் விடுதிச் சாப்பாட்டின்மேல்தான். அம்மா சமையலுக்குத் திரும்பினால் சரியாகிவிடும்.” இப்படித்தான் நம்மில் பலரும் நினைக்கிறோம். ஆனால் தாதி கேட்ட கேள்வி மனத்தில் நின்றது. வீட்டில் யாருக்காவது உண்டா?

உண்டு. அப்பாவுக்கு. காஹாங்கை விட்டு எங்கும் போய் வாழாத, அம்மா சமையலைத் தவிர வேறு எதையும் விரும்பாத அப்பாவுக்கு 44 வயதில் இனிப்புநீர். கால் மரத்துப்போனதால் காலணிக்குள் கல் கிடந்ததுகூடத் தெரியவில்லை. சின்னப் புண் பெரிதாகி, 50 வயதில் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அப்போது நான் ஐந்தாம் படிவம். அப்பாவைக் கழிவறைக்குத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனது இன்னும் என் தோளில் இருக்கிறது.

அப்படியானால் குற்றம் எங்கே? பாட்டியிடம் கேட்டேன். பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், ஒரு நாளைக்கு 400, 500 மரங்கள் சீவி, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் ஏறி இறங்கியவர். மதியம் மங்கு நிறையச் சோறு சாப்பிட்டார். காலையில் சீனி போட்ட கோப்பி குடித்தார். அந்த வேலைக்கு அந்தச் சோறு தேவைப்பட்டது. அப்பாவும் இளமையில் செம்பனைக் குலை வெட்டியவர். முதுகுவலி வந்த பிறகு காவலாளி வேலைக்குப் போனார். பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வேலை. ஆனால் மங்கு அதே மங்கு. கோப்பி அதே கோப்பி. வேலை போய்விட்டது, வேலைக்கென்று இருந்த சாப்பாடு போகவில்லை.

நான் அந்த மங்கைப் பல்கலைக்கழகம்வரை கொண்டுவந்து, அதோடு தே தாரேக்கையும் மீ கோரெங்கையும் சேர்த்துக்கொண்டேன். அவ்வளவுதான் வேறுபாடு.

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. எல்லா இனங்களிலும் அதுவே அதிகம். மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவர்! 2023ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். அதுவும் 25 என்ற அளவை வைத்து எடுத்த கணக்கு. நமக்குரிய 23ஐ வைத்து எடுத்தால் இன்னும் கூடும்.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

சாப்பிடாமல் கிடப்பது வழியன்று. பசியாறாமல் இருந்து இரவில் இரண்டு மடங்கு சாப்பிட்டதுதான் என்னை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. வள்ளுவரும் ‘மருந்து’ என்னும் 95ஆவது அதிகாரத்தில் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. முன்பு உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ணச் சொல்கிறார். நான் கடைப்பிடிப்பவை இவை:

1. தேநீர் ஒரு நாளைக்கு ஒன்று. “தே ஓ கொசோங்” என்று கேட்டால் பாலும் சீனியும் இல்லாமல் தருவார்கள். முதல் இரண்டு வாரம் கசந்தது. இப்போது பழைய தே தாரேக்தான் திகட்டுகிறது.

2. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறியும் பழமும். சுகாதார அமைச்சு “சூக்கு சூக்கு செப்பாரோ” என்று சொல்வது இதைத்தான். சிற்றுண்டிச் சாலையில் சோற்றை நாமே போட்டுக்கொள்வதால் இதற்குத் தனிச் செலவு இல்லை. கடனுதவிப் பணத்தில் வாழும் நமக்கு இது முக்கியம். கங்குங்கும் தவ்கேயும் கோழியைவிட மலிவு.

3. ஒரு நாளைக்கு 30 நிமிடம் வேக நடை. நானும் அக்காவும் மாலையில் ஏரியைச் சுற்றி நடக்கிறோம். தனிமையும் குறைகிறது; அக்காவின் ஊர்க்கதைகளும் கிடைக்கின்றன.

4. இரவு ஒரு மணிக்குள் தூக்கம். இதில் மட்டும் நான் இன்னும் அடிக்கடி தோற்கிறேன்.

இவற்றால் பயன் உண்டா என்று ஐயப்படுகிறவர்களுக்குச் சென்னையில் ஒரு விடை இருக்கிறது. மருத்துவர் இராமச்சந்திரன் தலைமையிலான குழு, என்னைப்போல் வாசல்படியில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களுக்கு, எதுவும் மாற்றாதவர்களைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான் இதில் வியப்பு. எடை இயந்திரத்தின் முள் அசையாவிட்டாலும் உள்ளே நன்மை நடக்கிறது. ஆகவே ஒரு மாதத்தில் எடை இறங்கவில்லை என்று யாரும் கைவிட வேண்டாம்.

எட்டு மாதங்களுக்குப் பிறகு என் இரத்தத்தில் சீனி 5.6. எடை மூன்று கிலோதான் குறைந்தது; இடுப்பு 79. அக்காவுக்கு 79. மருத்துவர், “ஆண்டுக்கொருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும். இது முடிந்துபோன கதையல்ல” என்றார். அதை மறக்கவில்லை.

நிறைவாக, ஒரு வேண்டுகோள்

கடந்த விடுமுறைக்குக் காஹாங் போனபோது அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். தம்பிக்கு வயது 17, பந்து விளையாடுகிறான், ஒல்லி. 88 சென்டிமீட்டர் வந்தது. “இன்னும் ரெண்டு இருக்குல்ல” என்று சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. தன் சோற்றில் பாதியை எடுத்துச் சட்டியில் போட்டுவிட்டு, அம்மாவிடம், “இனிமே இவனுக்கும் இதே அளவுதான்” என்றார்.

வாசிக்கும் நண்பர்களே, முன்னாள் மாணவர்களே! நம் பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் உடல் உழைத்து நம்மைப் பல்கலைக்கழகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். நாம் உட்கார்ந்து செய்யும் வேலைக்குத்தான் போகப்போகிறோம். அதற்கேற்ற சாப்பாட்டை நாம்தான் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த வாரம் ஓர் அளவு நாடா வாங்குங்கள். இரண்டு வெள்ளிகூட இருக்காது. தொப்புளுக்குச் சற்று மேலே, விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேற்பக்கத்திற்கும் நடுவில் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டு அளந்து பாருங்கள். 80, 90 என்ற எண்ணைத் தாண்டியிருந்தால், ஒல்லியாக இருந்தாலும் சரி, மருத்துவ நிலையத்திற்குப் போய் ஒரு துளி இரத்தம் கொடுங்கள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது அந்த நாடாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.